பிள்ளைக்கு ஜெர்மன் கற்பிக்கலாம். வீட்டு மொழியை மாற்றலாமா?





கணவர் ஜெர்மனியில் பணியில் இருக்க, தாமும் பிள்ளையுடன் அங்குச் செல்ல ஆயத்தமாகும் தாய்மார்கள் நம் திருமலைராயன்பட்டினத்திலும் இருக்கிறார்கள். கணவருடன் சேர்ந்து வாழ விசா பெறுவதற்கு, சில சூழல்களில் மனைவி ஜெர்மன் மொழியில் 'ஏ1' எனப்படும் முதல்நிலைத் தேர்வில் தேற வேண்டியிருக்கிறது. தாய் படிக்கும்போது அருகில் அமர்ந்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அம்மொழியைச் சொல்லிக் கொடுக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதைத் தொடர்ந்து நம்மிடம் மூன்று கேள்விகள் வருகின்றன. மார்க்கக் கல்வியே நிறைவடையாத வயதில் இது தேவையா? இனி வீட்டில் ஜெர்மனிலேயே பேசிப் பழகலாமா? அதற்காக மாலை நேர மத்ரஸாவைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாமா?

நமது கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுகிறோம். ஜெர்மனைத் தாராளமாகக் கற்பியுங்கள். ஆனால் அம்மொழி வீட்டிற்கு விருந்தாளியாக வரட்டும். வீட்டுக்காரரை வெளியேற்ற வேண்டாம். உம்மாவும் பிள்ளையும் பேசும் மொழி தமிழாகவே இருக்கட்டும்.

முதற் கேள்வியில் தயக்கத்திற்கு இடமில்லை. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தனது அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சூரா அர்ரூமில் குறிப்பிடுகிறான். மதீனாவின் இளைஞரான ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை, யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். பிறகு நபியவர்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும் பதில் எழுதவும் அவரே பொறுப்பேற்றார். பிறர் படித்துச் சொல்வதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதே அதன் காரணம். வேற்று நாட்டில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்தையும் தாமே படித்து அறிய விரும்பும் குடும்பத்திற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா?

இரண்டாம் கேள்விக்கு நம் மண்ணின் வரலாறே விடை சொல்கிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்சில் வாழ்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும் அப்பிள்ளைகளைக் கவனித்தால் இரு வகையினரைக் காணலாம். ஒரு வகையினர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டியிடம் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மற்ற வகையினர் சலாம் கூறிப் புன்னகைப்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. பாட்டி தலையைத் தடவிக் கொடுப்பார். சொல்ல நினைத்ததை விழுங்கிக்கொள்வார். இரு வகையினரும் படித்தது பிரெஞ்சுப் பள்ளிகளில்தான். நாம் கண்டவரை, வேறுபாடு அவர்களின் வீட்டிற்குள் எம்மொழி பேசப்பட்டது என்பதில்தான் இருக்கிறது.

இதில் பாட்டியின் மனக்குறை மட்டும் அடங்கியிருக்கவில்லை. பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் அடங்கியிருக்கிறது. ஏ1 நிலை என்பது பெயர், ஊர், விலை, நேரம் போன்ற அன்றாடச் செய்திகளைச் சிறு வாக்கியங்களில் சொல்லும் நிலை. அந்த அளவே ஜெர்மன் அறிந்த தாய், இனி பிள்ளையுடன் அம்மொழியில் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்தால், அவர்களின் உறவே அந்தச் சிறு வாக்கியங்களுக்குள் சுருங்கிப் போகும். "மௌத்தான அப்பா எங்கே இருக்கிறார்?" என்று பிள்ளை கேட்கும், "பொய் சொன்னால் அல்லாஹ்வுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். இவற்றிற்கு ஏ1 ஜெர்மனில் விடை கூற இயலுமா? கோபத்தை ஆற்றவும் பயத்தைப் போக்கவும் நல்லது கெட்டதைப் பிரித்துக் காட்டவும் தாய்க்கு முழுமையாகக் கைவந்த மொழி வேண்டும். பிள்ளையோ அங்குச் சென்றதும் மழலையர் பள்ளியிலும், ஆறு வயதில் சேரும் தொடக்கப்பள்ளியிலும் ஜெர்மனை நாள்தோறும் அம்மொழியினரிடமிருந்தே கேட்கும். தமிழை அங்கே கொடுப்பதற்கு உம்மாவையும் வாப்பாவையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நம் முன்னோர் இவ்விஷயத்தில் அழகிய வழியைக் காட்டிச் சென்றிருக்கிறார்கள். அரபி எழுத்தைக் கற்ற அவர்கள் தமிழைக் கைவிடவில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, அரபு எழுத்தில் தமிழையே எழுதினார்கள். அந்த அரபுத் தமிழில் பெண்கள் மார்க்கச் சட்டங்களைப் படித்தார்கள். கணவன்மாருக்குக் கடிதம் எழுதினார்கள். புதியதை ஏற்றுக்கொண்டு, அதையும் தம் மொழிக்கே பணிசெய்ய வைத்த சமுதாயம் இது.

அவ்வாறாயின் ஜெர்மனை வீட்டில் எப்படிக் கற்பிப்பது? நமக்கு வடக்கே தரங்கம்பாடியில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1706-இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவர்களுடன் திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் விரலால் எழுதி நம் மொழியைக் கற்றார். பத்தே ஆண்டுகளில், 1716-இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் வந்த நோக்கம் கிறிஸ்தவ மதப்பணி. நாம் எடுத்துக்கொள்வது அவர் கற்ற முறையை மட்டுமே. பேசுவோரின் வாயிலிருந்து கேட்டு, அவர்களுடன் அமர்ந்து, சிறிது சிறிதாகக் கற்றார்.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு வசதியும் இருக்கிறது. அதை மத்ரஸாவில் நாள்தோறும் காண்கிறோம். தமிழில் இல்லாத பல ஒலிகளை நான்கைந்து வயதிலேயே அவர்கள் மஃக்ரஜ் பிசகாமல் ஒலிக்கப் பழகுகிறார்கள். மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' என்ற ஜெர்மன் சொல்லில் ஃபாவும் ஷீனும் இருக்கின்றன. சூரியனைக் குறிக்கும் 'ஸொன்னெ' என்பதன் முதலொலி நம் ஸாய். நூலைக் குறிக்கும் 'பூஃக்' என்ற சொல்லின் இறுதியில் வருவது ஏறத்தாழ நம் ஃகா. தமிழ் மட்டும் அறிந்த பெரியவர்கள் தடுமாறும் இந்த இடங்களை ஓதும் பிள்ளை எளிதில் கடந்துவிடும்.

இலக்கணத்திலும் அறிமுகமான முகங்கள் பல. அரபியில் ஷம்ஸ் பெண்பால், கமர் ஆண்பால். ஜெர்மனிலும் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். இருபத்தொன்றை அரபியில் 'ஒன்றும் இருபதும்' என்றே சொல்கிறோம். ஜெர்மனியரும் அப்படியே சொல்கிறார்கள். கிளைவாக்கியங்களில் வினைச்சொல் தமிழில் போலவே இறுதியில் வந்து நிற்கும். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அங்குண்டு. ஆகவே தமிழும் குர்ஆன் ஓதலும் ஜெர்மனுக்குத் தடை என்று எண்ண வேண்டாம். அவை அதற்கு ஏணி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குர்ஆனைப் பொருள் அறியுமுன்னே ஓதினாலும் நன்மை உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் கூலி உண்டு. ஜெர்மனுக்கு அப்படியொரு கூலி இல்லை. ஆகவே நூறு சொற்களை மனனம் செய்வித்து விருந்தினர் முன் ஒப்புவிக்கச் சொல்வதால் பயனில்லை. நிறங்களின் பெயர்களைக் கைபேசிக் காணொளியில் பார்த்துப் பாடும் பிள்ளை, தன் சட்டையைக் காட்டி அதன் நிறத்தைச் சொல்ல இயலாமல் நிற்பதுண்டு. மொழி பயன்பாட்டில்தான் உயிர் பெறும்.

எனவே நாள்தோறும் கால் மணி நேரம் போதும். அந்த நேரத்திற்கென்று ஓர் இடமும் இருக்கட்டும். பாய் விரித்தால் ஜெர்மன், சுருட்டினால் தமிழ் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். முதலில் காது, பிறகு நாவு, கடைசியில் எழுத்து. தமிழிலும் அரபியிலும் இல்லாத சில உயிரொலிகள் ஜெர்மனில் உண்டு. அவற்றை அம்மொழியினரின் ஒலிப்பதிவிலிருந்து தாயும் பிள்ளையும் சேர்ந்து கேட்டுப் பழகுங்கள். வாப்பா அங்கிருந்து பேசும்போது அன்றைய ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்லட்டும். பெயர்ச்சொல்லைக் கற்பிக்கும்போது டெர், டீ, டாஸ் என்னும் பால் காட்டும் முன்சொல்லையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். பிரித்துக் கற்றால் பின்னர்ச் சேர்ப்பது கடினம்.

எந்த வாக்கியங்கள் முதலில்? பிள்ளை தனியாக நிற்கும் இடங்களில் அதற்கு உதவுபவை. தன் பெயர், தாகம், கழிவறை, வயிற்று வலி, "எனக்குப் புரியவில்லை" என்பன. இவற்றுடன் "இஃக் எஸ்ஸெ கைன் ஷ்வைனெஃப்லைஷ்" என்ற வாக்கியமும் அவசியம். "நான் பன்றியிறைச்சி உண்பதில்லை" என்பது பொருள். நண்பனின் பிறந்தநாள் விருந்தில் தட்டு நீளும்போது அருகில் உம்மா இருக்கமாட்டார். பணிவாகவும் தெளிவாகவும் தன் நிலையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அங்கே கூச்சமும் இராது, அச்சமும் இராது.

மூன்றாம் கேள்வி மத்ரஸா நேரம் பற்றியது. மாலை ஓதலை நிறுத்துவதால் கிடைப்பது ஒரு மணி நேரம். ஜெர்மனுக்கு அவ்வளவு நேரம் அந்த வயதுக்குத் தேவையே இல்லை. கைபேசியில் செலவாகும் நேரத்திலிருந்து கால் மணி எடுத்தாலே போதுமானது. மேலும், புறப்படுமுன் இங்கே ஓத இருப்பது சில மாதங்களே. சிறிய சூராக்களும் அன்றாட துஆக்களும் அவற்றின் தமிழ்ப் பொருளும் பிள்ளையின் நெஞ்சில் பதிவதற்கு அந்த மாதங்கள் மிகவும் விலையுயர்ந்தவை. அங்கே நல்ல மத்ரஸா வீட்டிற்கு அருகிலேயே அமையும் என்று உறுதி சொல்ல இயலாது. ஜெர்மன் பள்ளியோ நிச்சயம் இருக்கும்.

பயணப் பையில் ஜெர்மன் புத்தகம் இருக்கட்டும். அதனருகில் அலிஃப் பே நூலுக்கும் தமிழ் அரிச்சுவடிக்கும் இடம் ஒதுக்குங்கள். மூன்றும் சேர்ந்து அரைக் கிலோ கூட எடை வராது.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு வழங்கி, அவர்கள் செல்லுமிடமெல்லாம் அவர்களின் ஈமானையும் நாவையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.