பதினைந்து வயதில் மூடப்படும் கதவுகள்: சேர்வராயன் மலை மாணவர்களின் ‘விருப்பம்’ யாருடையது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்கள் ஒரே கேள்வியை எழுப்புகின்றன: அடுத்து என்ன படிக்கலாம்? இதற்கு வழங்கப்படும் அறிவுரைகள் அனைத்தும் ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றன. எல்லாத் துறைகளும் மாணவர் முன் திறந்திருக்கின்றன, தம் ஆர்வத்தையும் திறமையையும் அறிந்து அவர் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும் என்பதே அது. சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில் நின்று பார்க்கும்போது அந்த அனுமானம் நிலைப்பதில்லை.

ஏற்காட்டுக்கு இரண்டு கல்வி வரலாறுகள் உண்டு. 1917இல் தொடங்கப்பட்ட மான்ட்ஃபோர்ட் பள்ளி உள்ளிட்ட உறைவிடப் பள்ளிகள் வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளை ஈர்த்து வருகின்றன. அதே மலையின் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும், காப்பித் தோட்டங்களில் உழைக்கும் தலித் குடும்பங்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளையே நம்பியிருக்கின்றனர். முதல் வகையினருக்கு மருத்துவரும் வழக்கறிஞரும் அத்தையாகவோ மாமாவாகவோ வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். இரண்டாம் வகையினருக்கோ அவர்கள் வரிசையில் காத்து நின்று பார்க்க வேண்டிய மனிதர்கள். தன் உறவிலோ தெருவிலோ ஒருவரும் செய்யாத வேலையை ஒரு குழந்தை தனக்குரியதாகக் கற்பனை செய்வது எளிதன்று.

கற்பனையைச் சுருக்குவது வறுமை மட்டுமல்ல. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 642 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. புதிர்ப்பாதைகளைத் தீர்க்கும் பணியில், சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்களும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தனர். குழுவின் முன்னால் ஒவ்வொருவரின் சாதியும் அறிவிக்கப்பட்டதும் தலித் சிறுவர்களின் செயல்பாடு சரிந்தது. குறை அவர்களுடைய அறிவில் இல்லை, அறிவித்தவர்களின் குரலில் இருந்தது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பறையில் சாதிவாரியாக உரக்க வாசிக்கும்போதும், ‘உங்களுக்கு எதற்குக் கணிதப் பிரிவு’ என்று ஒரு மாணவியிடம் கேட்கும்போதும் அதே குரல்தான் ஒலிக்கிறது. பின்னர் அம்மாணவி ‘எனக்குக் கணிதம் வராது’ என்று சொன்னால், அதை அவருடைய விருப்பமாகப் பதிவு செய்துகொள்கிறோம்.

சாதி ஒருவரின் பணியை அவருடைய திறனைப் பார்த்து அன்றி, பெற்றோரின் நிலையைப் பார்த்தே முன்கூட்டி நியமிக்கிறது என்பதை அம்பேத்கர் 1936இலேயே ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் விளக்கினார். தமிழ்நாடு அந்த நியமனத்தைச் சட்டைசெய்யாமல் விட்ட மாநிலமன்று. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு, காமராசர் ஆட்சியில் 1954இல் கைவிடப்பட்டது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரிய தமிழ்நாடு அரசு, 2024 நவம்பரில் அத்திட்டத்தை அதன் அன்றைய வடிவில் செயல்படுத்த மறுத்தது. இவை நாம் போற்ற வேண்டிய நிலைப்பாடுகள். ஆனால் எந்த அரசாணையும் இல்லாமலே தோட்டத் தொழிலாளியின் மகள் தோட்டத்துக்கே திரும்பும் ஏற்பாடு தொடருமானால், அதையும் குலக்கல்வி என்றுதான் அழைக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு இயங்கும் விதத்தைக் கவனிப்போம். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் கடைசி மாதங்களில் தொடங்கிப் புத்தாண்டுக்குப் பின்னும் நீள்கிறது. அரையாண்டுத் தேர்வும் பொதுத்தேர்வுக்கான ஆயத்தமும் அதே மாதங்களில்தான் வருகின்றன. கூலி கூடுதலாகக் கிடைக்கும் அந்த வாரங்களில் தாய் விடியலிலேயே தோட்டத்துக்குச் சென்றுவிட்டால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மூத்த மகளின் மீதே விழுகிறது. மதிப்பெண் குறைந்தால் அடுத்த வாய்ப்பு சுருங்குகிறது.

பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவு அடுத்த கதவு. உயிரியல் படிக்காதவர் மருத்துவத்துக்குச் செல்ல முடியாது. கணிதம் இல்லாதவருக்குப் பொறியியலின் பெரும்பகுதி எட்டாது. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் அப்பிரிவு இல்லையென்றாலோ, இருந்தும் ஆசிரியர் இல்லையென்றாலோ, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். விடுதியும் பேருந்தும் உறுதியாகாத குடும்பம், பெண்ணை அவ்வளவு தொலைவு அனுப்பத் தயங்குகிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் வந்தது. 2022இல் தொடங்கிய ‘புதுமைப்பெண்’ திட்டமும், 2024இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் கல்லூரி செல்வோருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. ‘கல்லூரிக் கனவு’ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கு வழிகாட்டுகிறது. இவற்றால் பயனடைந்தோர் பலர். எனினும் இவை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் வாசலில் காத்திருக்கின்றன. பதினைந்து வயதிலேயே வேறு பாதைக்குத் திருப்பிவிடப்பட்டவரை இவை பெரும்பாலும் சென்றடைவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினரின் எழுத்தறிவு 54 விழுக்காடு மட்டுமே. படிவம் நிரப்பவும் பிரிவு தேரவும் வீட்டில் துணை நிற்க ஆளில்லாத மாணவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

ஆகவே நாம் கோருவது கூடுதல் அறிவுரையை அல்ல. துறைகளை அறிமுகப்படுத்தும் பணி எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். அதைச் செய்ய, இதே மலையிலிருந்தும் சேரிகளிலிருந்தும் படித்து வெளியேறிய செவிலியரும் பொறியாளரும் ஆசிரியரும் வகுப்பறைக்கு அழைக்கப்பட வேண்டும். மலைப்பகுதி மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல், கணிதப் பிரிவுகளும் அவற்றுக்கான நிரந்தர ஆசிரியர்களும் உறுதி செய்யப்பட வேண்டும். கிடைக்காத பிரிவுக்காக வெளியூர் செல்வோருக்கு விடுதி இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வட்டாட்சியரைத் தாண்டிக் கோட்டாட்சியர் நிலையில் பெற வேண்டியிருப்பதால், பத்தாம் வகுப்புக்கு முன்பே பள்ளியிலேயே முகாம் நடத்தி அதை வழங்க வேண்டும். உதவித்தொகை விவரங்கள் வகுப்பில் உரக்க வாசிக்கப்படுவது நிறுத்தப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் ஒரு மாணவி காப்பித் தோட்டத்தையோ வேளாண்மையையோ தேர்ந்தெடுத்தால், அது அவருடைய விருப்பம். நாம் அதை மதிப்போம். அதுவரை, வேறு வழியின்றி அவர் ஏற்றுக்கொள்ளும் ஒன்றை விருப்பம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.