வண்டி ஏன் இவ்வளவு குடிக்கிறது?

காஸ் சிலிண்டர் மாற்றிய அன்றைக்கே காலண்டரில் தேதியைக் குறித்து வைக்கும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். நாற்பது நாள் வந்த சிலிண்டர் முப்பது நாளில் காலியானால் உடனே உஷாராகிவிடுகிறோம். குழாயை முகர்ந்து பார்க்கிறோம். பர்னரைக் கழற்றித் தேய்த்துக் கழுவுகிறோம். அடுப்பையே தூக்கிப் போட்டுவிட்டுப் புது அடுப்பு வாங்க யாரும் கிளம்புவதில்லை. ஆனால் வாசலில் நிற்கிற பெரிய வண்டி விஷயத்தில் மட்டும், "அது அவர் இலாகா" என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

ஸ்கார்ப்பியோ, சுமோ, குவாலிஸ் என்று பத்து இருபது வருஷம் உழைத்த வண்டிகள் பல வீடுகளில் உண்டு. திடீரென்று ஒரு நாள் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். "லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி எட்டுத்தான் கொடுக்கிறது. எஞ்சினையே பிரித்து வேலை பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்" என்பார். எஞ்சின் வேலைக்குப் போகும் தொகை, பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்காகச் சேர்த்து வைத்த தொகையாக இருக்கும். ஆகவே இந்த வாரம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நீங்களும் வாசலுக்கு வாருங்கள்.

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: எட்டு என்று எப்படித் தெரிந்தது? பெரும்பாலும் முள்ளைப் பார்த்துச் சொன்ன உத்தேசமாகத்தான் இருக்கும். சரியாகக் கணக்கிடும் வழி இது. டாங்கியை நிரப்புங்கள், பம்பு தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்க்கில், அதே பம்பில் மறுபடியும் நிரப்புங்கள். ஓடியது 384 கிலோமீட்டர், பிடித்தது 48 லிட்டர் என்றால் வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 8. டீசல் நுரைத்தால் பம்பு முன்னதாகவே நின்றுவிடும். ஒரு தடவைக் கணக்கை நம்பாமல், மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சமீபத்தில் கம்பீரத்துக்காகப் பெரிய டயர் மாட்டினார்களா? பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. டயரின் சுற்றளவு 5 சதவிகிதம் கூடினால், 420 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 400 என்றுதான் காட்டும். டயரின் கனம் கொஞ்சம் அதிகம் குடிக்க வைக்கும் என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் நஷ்டத்தில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிசகு. நெடுஞ்சாலையில் இருக்கும் கிலோமீட்டர் கற்களோடு மீட்டரை ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எட்டு என்பது மெய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், பதினொன்று கொடுத்த காலத்தில் 91 லிட்டர் செலவு. இப்போது 125 லிட்டர். மாதா மாதம் 34 லிட்டர் கூடுதலாகப் போகிறது. பங்க் ரசீதிலுள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். மளிகைக் கணக்கில் இவ்வளவு துண்டு விழுந்தால் சும்மா இருப்போமா?

அடுத்தபடி, இது எப்போது ஆரம்பித்தது என்று யோசியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, ஒரே மாதத்தில் விழுந்ததா? புது டிரைவர் வந்தாரா? குழந்தைகளைப் பக்கத்துப் பள்ளியில் கொண்டுவிட ஆரம்பித்தீர்களா? எஞ்சின் சூடேறுவதற்குள் நின்று விடுகிற குட்டிப் பயணங்களில் எந்த வண்டியும் அதிகம் குடிக்கும். அது வியாதி அல்ல.

பிறகு காசில்லாத சோதனைகள். மாடியில் கட்டிய காரியர் கும்பகோணம் போய் வந்த பிறகும் அப்படியே இருக்கிறதா? கூரைமேல் பெரிய பெட்டி வைத்தால் ஊருக்குள் 2 முதல் 8 சதவிகிதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவிகிதம் வரை நஷ்டம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வேகமும் அப்படித்தான். எண்பதில் போகிற வண்டி நூறில் போனால், எதிர்க்காற்று தடுக்கிற பலம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும்.

டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையில் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். நான்கு டயரிலும் ஒரு பவுண்டு குறைந்தால் நஷ்டம் 0.2 சதவிகிதம். பத்து பவுண்டு குறைந்தாலும் 2 சதவிகிதம்தான். ஆகவே, "காற்றடித்தால் சரியாகிவிடும்" என்பவரை நம்பாதீர்கள். ஆனால் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். அதற்காகவே இந்த வேலையை ஒத்திப்போடக் கூடாது.

அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். புறங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடது பக்கத்தைவிட வலது பக்கம் அனல் வீசினால், அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி நாள் முழுவதும் பிரேக்கோடு மல்லுக்கட்டினால் டீசல் எப்படி மிஞ்சும்? இதைத் தள்ளிப்போடுவது உயிருக்கும் ஆபத்து.

நாலு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியானால், மலைப்பாதைக்குப் போட்ட அந்த லீவர் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து சூடு காட்டும் முள். வண்டி புறப்பட்டுச் சற்று நேரத்தில் அது தன் வழக்கமான இடத்துக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். எப்போதும் கீழேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கலாம். அல்லது, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருக்கலாம், நம் பக்கத்தில் இது சகஜம். போதிய சூடில்லாத எஞ்சின் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். இந்தச் சின்னச் சாமானை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

புகையையும் கவனியுங்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுப் போதவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தபடியே இருந்தால் கம்ப்யூட்டர் சோதனை அவசியம். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்தபின் மைலேஜ் 40 சதவிகிதம் வரைகூட ஏறலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் இரைந்து, வண்டி வேகமெடுக்கவில்லையானால் கிளட்ச் வழுக்குகிறது. டீசல் நாற்றமோ, வண்டிக்கு அடியில் ஈரமோ தெரிந்தால் வேறு சோதனை வேண்டாம், நேரே ஒர்க்‌ஷாப்தான்.

குழாயில் மாட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கு மேற்பட்ட சிக்கனக் கருவிகளை ஆராய்ந்தது. கணிசமாக மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒன்றைச் சரிசெய்யுங்கள், ஒரு டாங்கி ஓடட்டும், நோட்டில் எழுதுங்கள், பிறகு அடுத்தது. அப்போதுதான் எந்தச் செலவு பலன் தந்தது என்று தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டு எட்டாகவே நின்றால், "கம்ப்ரெஷன் சோதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண் எழுதிக் கொடுங்கள், கம்பெனி சொல்லும் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எண்கள் குறைந்திருந்தால் எஞ்சின் வேலையா, விற்பனையா என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். எண்கள் சரியாக இருந்தால் எஞ்சினில் ஒருவரும் கைவைக்க வேண்டாம். கல்லூரிச் சம்பளம் பாங்கியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.