இரு மாண்டலின்களுள் எதனைத் தெரிவது?

கல்லூரி விழாவெடுக்குங் காலத்திற் பழைய மாணவர் உள்ளத்தில் முன்னெழும் வினா, "கல்லூரிக்கு யாது வழங்குவோம்?" என்பதே. கடல் கடந்து வாழும் அன்பர் ஒருவர் இம்முறை அவ்வினாவுக்குத் தாமே விடை கண்டு, இசைக்கூடத்துக்கு உயர்தர மாண்டலின் ஒன்று வாங்கித் தருவதாக உவந்து எழுதியுள்ளார். அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலுள்ள கொலிங்ஸ் பட்டறையின் கருவிகள் இரண்டனுள் வேண்டியதைத் தெரிந்து கூறுமாறும் கேட்டுள்ளார். ஒன்று நீர்த்துளி போன்ற வடிவினது. 'ஏ' வகை எனப்படுவது. மற்றையது ஒரு தோளிற் சங்குபோற் சுருண்ட அணியும் ஓரத்திற் கூர்முனைகளும் உடையது. அது 'எஃப்' வகை. கூடியிருந்தோரிற் பலர் சுருளுடையதையே விரும்பினர். பரிசளிப்பு விழா மேடையில் அது பொலிந்து தோன்றும் என்பது அவர்தம் நியாயம். யாம் இதற்கு மாறான கருத்துடையேம்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். முத்தமிழின் நடுவண் நிற்பது இசை. அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணத்தைப் பாடஞ் சொல்லும் வாய், நரம்புக் கருவியொன்றைப் பற்றிச் சிறிது பேசுதல் தகாததன்று.

மாண்டலின் இத்தாலியிற் பிறந்தது. நேப்பிள்ஸ் நகரத்துப் பழைய கருவி நம் வீணைக்குடம் போல முதுகு குவிந்திருக்கும். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் வாழ்ந்த ஓர்வில் கிப்சன் என்பார், வயலின் செய்வார் முறையைத் தழுவி, தடித்த மரத்தைக் குடைந்து வளைவான முகப்பும் முதுகும் அமைத்தார். 1898 இல் தம் அமைப்புக்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். 1902 இல் அவர் பெயராற் கொம்பனி ஒன்று எழுந்தது. அங்குப் பணிபுரிந்த லொயிட் லோர் என்பார் காலத்தில், 1922 இல், நீள்வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் உள்ளன போன்ற இரு நெடுந்துளைகள் இட்ட எஃப்-5 வெளிவந்தது. அத்தகைய கருவியொன்றைப் பில் மன்றோ என்னும் இசைவாணர் 1940களில் மயாமி நகரத்துச் சவரக்கடை ஒன்றில் 150 டொலருக்கு வாங்கினார். 1923 யூலை 9 எனத் திகதியிட்டு லோர் கையொப்பமிட்ட கருவி அது. மன்றோவின் கையில் அது பெற்ற புகழே சுருளுக்கும் பெருமதிப்பைத் தேடித் தந்தது. லோர் கையொப்பம் உள்ளவை இன்று இலட்சம் டொலருக்கு மேலும் விலைபோகின்றன.

இனி ஒலியை நோக்குவாம். தந்தியின் அதிர்வு குதிரை வழியாக முகப்புப் பலகையை அடைந்து, வயிற்றினுள்ளே நிறைந்த காற்றை அசைத்து வெளிப்படுகின்றது. எமக்குக் காட்டப்பெற்ற இரண்டிலும் முகப்பு ஸ்புரூஸ் மரம்; முதுகு மேப்பிள் மரம். நெடுந்துளைகளும் ஒன்றே, இவ்விரண்டாய் இணைந்த எட்டுத் தந்திகளும் ஒன்றே. சுருளின் பெரும்பகுதியோ கட்டை மரம். ஆதலால் உள்ளே காற்று நிற்கும் இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவினது. திரைக்குப் பின்னிருந்து மீட்டக் கேட்பின், இது சுருள், இது துளி எனப் பிரித்துணர்வார் மிக அரியர். ஆயினும் சுருளைச் செதுக்கவும் அதன் ஓரத்தைச் சுற்றி அணிகட்டவும் தச்சனுக்கு நெடுநேரம் செல்கின்றது. அவ்வுழைப்பே விலையை மிக உயர்த்துகின்றது. தோள்வாரை மாட்டுதற்குச் சுருள் உதவும் என்பர். மெய்யே, ஓர் ஆணியும் அத்தொண்டைச் செய்யும்.

உண்மையில் ஆராயத்தக்கவை வேறு. தண்டியின் அகலம் சிறுவர் விரலுக்கு ஒக்குமா? தந்தி மெட்டுகளுக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது? ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் வந்த இரு கருவிகளும் நாதத்தில் வேறுபடும்; இரட்டைப் பிள்ளைகளின் குணம் போல. ஆகவே வாங்குமுன் மாண்டலின் பழகிய ஒருவர் இரண்டையும் கையிலெடுத்து மீட்டிப் பார்த்தல் இன்றியமையாதது.

கருநாடக இசைக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைக் கூட்டத்தில் ஒருவரும் எழுப்பிலர். உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014) இவ்விசையை மாண்டலினில் நிலைநாட்டினார் என்பது உலகறிந்தது. ஆனால் அவர் கையிலிருந்தது இவ்வகைக் கருவியன்று. இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்கருவி. இணைத்தந்தி மரக்கருவியில் நாதம் விரைவில் ஓய்கின்றது. இறுகிய இரு தந்திகளை ஒருங்கே இழுத்துக் கமகம் காட்டுதலும் அரிது. நம் மாணவர் மெல்லிசையும் மேனாட்டிசையும் பயிலுதற்கே இது உதவும். மேனாட்டு வயலினுக்குரிய ஜி, டி, ஏ, ஈ என்னும் அமைப்பே இதற்கும் உரியதாதலின், அவ்வயலின் பயிலும் மாணவரின் இடக்கை விரல்கள் இதிலும் இடமறியும். இவற்றை அன்பருக்கு முன்னரே எழுதிவிடுதல் முறை.

விலையில் மிஞ்சும் பணத்துக்கு வேலை நிறைய உண்டு. கடற்காற்றில் உருக்குத் தந்தி விரைவிற் கறுத்துத் துருப்பிடிக்கும். ஆதலின் மாற்றுத் தந்திகள் பல தொகுதிகள் வேண்டும். உறுதியான பெட்டி வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, வாரத்துக்கு ஒருநாளேனும் வந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு வேதனம் வேண்டும்.

சுருளை யாம் அஞ்சுதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. விலை மிக்க பொருள் நம்மவரிடத்துப் பூட்டப்படும். யாம் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றில், வெளிநாட்டிலிருந்து வந்த இரு வயலின்கள் கண்ணாடி அலுமாரியில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்தன. கல்விப் பணிப்பாளர் வரும் நாளில் மட்டுந் தூசி தட்டப்பட்டன. இசையிற் சிறந்த மாணவனொருவன் அவற்றைக் கண்ணாடி வழியே பார்த்தபடியே அப்பாடசாலையை விட்டு நீங்கினான். தொடுதற்குக் கூட அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

நீர்த்துளி வடிவினதையே கேட்டெழுதுமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். அது வந்து சேருமுன்னரே, இசைக்கூடத்துத் திறப்பு மாலை வேளையில் யாரிடம் இருக்கும் என்பதையும் அவர்கள் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும்.