கப்பலேறியோரின் கால்வழி

அரசர்களுக்கு வம்சாவளி உண்டு, மிராசுதார்களுக்கும் உண்டு, அவர்கள் வயலில் சேறு மிதித்தவனுக்கு உண்டா? தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலே போன்ஸ்லே குலத்தின் சரித்திரம் 1803-ஆம் ஆண்டில் மராத்தியில் பொறிக்கப்பட்டது. அதே காவிரி நாட்டில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் மாண்ட ஏழை ஜனங்களின் பெயரைப் பொறிக்க ஒரு கல் கிடைக்கவில்லை. நிலமுடையவன் பேரில் பட்டா இருந்தது. பண்ணையாளுக்கு நிலமுமில்லை, பட்டாவுமில்லை. ஆனால் விதியின் விசித்திரத்தைப் பாருங்கள்! அவர்களுள் எவன் ஊரைத் துறந்து கப்பலேறினானோ, அவன் பெயரை மட்டும் அந்நிய சர்க்கார் எழுதி வைத்தது. அன்பினால் அன்று, கூலிக் கணக்கிற்காக.

1860-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நவம்பர் 16-இல் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம். இப்பட்டியல்கள் டர்பனிலுள்ள காந்தி–லுத்துலி ஆவண நிலையத்தின் வழியே ஆராய்வோர்க்குக் கிடைத்து வந்திருக்கின்றன. மொரீஷியஸ் தீவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் இறங்கினர். அவர்களைப் பற்றிய பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. காரைக்கால், புதுச்சேரித் துறைகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனோரும் பல்லாயிரவர். நாகப்பட்டினத்திலிருந்து கங்காணிகளின் பின்னே மலேயாவுக்குச் சென்றவர்களுக்கோ இவ்வளவு விரிவான தனிப் பதிவு அருமை. அவர்கள் சந்ததியாரின் கையில் பெரும்பாலும் ஒரு குலதெய்வத்தின் பெயரும், திரிந்து போன ஓர் ஊர்ப்பெயருமே எஞ்சியிருக்கின்றன.

இன்று அந்தப் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடுகிறார்கள். தில்லையாடி வள்ளியம்மை 1898-இல் பிறந்தது ஜோஹான்னஸ்பர்க்கிலே. சிறை சென்று மீண்டு 1914-இல் பதினாறு வயதில் உயிர் நீத்ததும் அங்கேதான். ஆயினும் அவள் குடும்பத்தின் பூர்விக ஊரே அவள் பெயருக்கு முன் நிற்கிறது. 1915-இல் காந்தியடிகள் அவ்வூரைத் தேடி வந்தார். புகழ் பெற்ற ஒரு பெண்ணுக்கு ஊர் கிடைத்தது. புகழ் பெறாத ஆயிரமாயிரம் பேருக்குக் கிடைக்க வேண்டாமா? கயிற்றின் ஒரு முனை கடலுக்கு அப்பாலும், மறுமுனை தஞ்சை நாட்டிலும் இருக்கின்றன. இம்முனையைப் பற்றுவது நம்முடைய கடமையென்று கருதுகிறோம்.

இக்காரியத்தைத் தொடங்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரிடம் முதலில் உட்காருங்கள், முக்கியமாகப் பாட்டிமாரிடம். பெயர், அழைக்கும் பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், குலதெய்வம், “அக்கரைக்குப் போய்த் திரும்பாத” உறவினர் யாவற்றையும் எழுதுங்கள். வருஷம் தெரியாதென்றால், 1924-ஆம் வருஷத்து வெள்ளத்திற்கு முன்னா பின்னா, 1934-இல் மேட்டூர் அணை திறந்தபோதா, 1952-ஆம் வருஷப் புயலுக்குப் பிறகா என்று கேளுங்கள். டெல்டாவின் கிழவர்களுக்குக் காவிரியே பஞ்சாங்கம்.

அடுத்தது, ஊரைச் சரியாக அறிதல். பழைய பதிவில் தஞ்சாவூர் ‘தஞ்சோர்’ ஆகவும், தரங்கம்பாடி ‘ட்ராங்குபார்’ ஆகவும் இருக்கும். அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், அதிலிருந்து 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. நல்லூர் என்றால் எத்தனையோ நல்லூர்கள்! ஆகவே தாலூகாவின் பெயரை விட்டுவிட்டு ஊரைத் தேடுபவன் வைக்கோற்போரில் ஊசி தேடுபவனே ஆவான்.

மூன்றாவது, எழுதியதைப் பொதுவில் சேர்த்தல். ‘ஃபாமிலி சர்ச்’, ‘விக்கி ட்ரீ’ முதலிய இணையத் தளங்களில் உலகத்தார் அனைவரும் கூடி ஒரே வம்ச விருட்சத்தைக் கட்டி வருகிறார்கள், கட்டணமில்லை. டர்பனில் ஒருவர் ஒரு கிளையை நட்டால், மன்னார்குடியில் ஒருவர் அதன் வேரைக் காட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் குறிக்க வேண்டும். பத்திரமாயின் பத்திரம் என்றும், பாட்டி சொன்னதாயின் பாட்டி சொன்னது என்றும் எழுதுக. தவறான தகப்பன் பெயரை ஒருவர் எழுத, நூறு பேர் பார்த்தெழுதினால், பொய் மெய்யாகிவிடும். உயிரோடிருப்பவர் விவரங்களைப் பிறர் காணாதபடி மறைத்து வைப்பதும் அவசியம்.

இவற்றிற்குப் பிறகே டி.என்.ஏ. பரிசோதனை. உமிழ்நீரைச் சோதித்து, இருவர் உடலில் எவ்வளவு மரபுக்கூறு பொதுவென்று கணக்கிடுகிறார்கள். 1890-இல் அண்ணன் கப்பலேறினான், தம்பி ஊரில் நின்றான் என வைத்துக்கொள்வோம். இவ்விருவரின் பேரர்களிடையே சுமார் 3 சதவீதம் பொதுவாக இருக்கும். சோதனையில் அது தவறாது தெரியும். கொள்ளுப்பேரர்களிடையே ஒரு சதவீதத்திற்கும் குறைவு; பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே தென்படாது. அடுத்த தலைமுறையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தொடர்பு தெரியாமற் போகும். எனவே சோதிக்க வேண்டியவர் இளைஞரல்லர், முதியவரே. ஒரு முதியவர் மறைந்தால், ஒரு தலைமுறைத் தூரம் கூடிவிடுகிறது.

இச்சோதனை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தவர். நம் டெல்டாவாசிகள் மிகச் சிலரே. ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? மேலும், மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தினால், இருவர் மெய்யான உறவைவிட நெருங்கியவராகக் கணக்கில் தோன்றுவர். மொத்தக் கூட்டலை மட்டும் நம்பாமல், பொதுவான துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவென்று பார்க்க வேண்டும். சோதனை ஊர்ப்பெயரைச் சொல்லாது; அதைச் சொல்வது ஏடுதான். ஜாதிச் சான்றும் அது தராது. ஜாதிப் பெருமை பேசுவதற்கு இவ்விஞ்ஞானத்தைக் கருவியாக்க முயல்வோர் அதை அறியாதவர்கள். அறிந்தும் செய்வாராயின் தேசத்துக்குத் துரோகிகள்.

அக்கரையிலிருந்து வருபவன் நிலத்தில் பங்கு கேட்பானோ என்று அஞ்சுவோர் உளர். பரிசோதனைத் தாள் பட்டாவாகாது. நிலமில்லாததால் போனவன் பேரன் எந்த நிலத்தைக் கேட்பான்? நியாயமான அச்சம் வேறொன்று. நம் உமிழ்நீரில் உடன்பிறந்தாரின் இரகசியமும் அடங்கியிருக்கிறது. 2018-இல் கலிபோர்னியாவில், தூர உறவினர் ‘ஜெட்மாட்ச்’ தளத்தில் இட்ட விவரங்களைக் கொண்டே போலீஸார் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்தனர். ‘23 அண்ட் மீ’ என்னும் கம்பெனியிடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டது 2023-இல் தெரியவந்தது. 2025 மார்ச்சில் அக்கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரியது. ஆகையால் குடும்பத்தார் கூடி ஆலோசித்து, முதியவர் விஷயத்தை முழுதும் அறிந்து மனமுவந்து இசைந்தாலன்றி, ஒரு துளியும் அனுப்பலாகாது. எதிர்பாராத தகப்பனையோ சகோதரனையோ சோதனை காட்டவும் கூடும். அதைத் தாங்கும் மனமில்லாதவர் ஏட்டோடு நின்றுவிடலாம். அதிலும் இழிவில்லை.

பொதுப்பணி செய்யும் வாலிபர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுவே: உங்கள் கிராமத்தில், முக்கியமாக நிலமற்றோர் தெருக்களில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள். கடல் கடந்து ஒரு கடிதம் வந்தால் விடையின்றி விடாதீர்கள். அரசர் குலத்தின் கதையைக் கல் சுமந்தது. கூலிக்காரன் குலத்தின் கதையைச் சுமக்க நம் நினைவைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த நினைவுக்கோ வயதாகிவிட்டது. இந்தச் சம்பா அறுவடைக்குள் தொடங்குவோமாக.