வாயாணையும் வாய்மையும்

கடவுளை நம்பாதவன் பொய் சொல்ல அஞ்சான் என்பது சமயவாணர் நெடுங்காலமாக ஓதிவரும் பழி. இங்கிலாந்தில் அது மேடைப்பேச்சளவில் நின்றதன்று, சட்டமாகவே கோலோச்சியது. மறுமையில் தீயோர்க்கு ஒறுப்புண்டு என்னும் அச்சமே மாந்தனை மெய்பேச வைக்கும் என்ற கிறித்தவக் கோட்பாட்டை அந்நாட்டு முறைமன்றங்கள் அப்படியே ஏற்றிருந்தன. நம்பாதவர் விவிலியத்தின்மேல் ஆணையிட இயலாது. ஆணையிட இயலாதவர் சான்று செல்லாது. 1861-இல் ஒரு பெண் தம் உடைமையை மீட்க வழக்குமன்றம் ஏறினார். கடவுள் நம்பிக்கை உண்டோ என்று வினவப்பட்டபொழுது, இல்லையென்று உள்ளதை உள்ளபடி சொன்னார். உடனே அவர் சான்று தள்ளப்பட்டது, வழக்கும் வீழ்ந்தது. உண்டென்று ஒரு பொய் சொல்லியிருப்பின் அம்மன்றம் அவரை மெய்யர் எனக் கொண்டிருக்கும்! 1869, 1870 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே முறைமன்றங்களில் இக்கேடு தளர்ந்தது. நாடாளுமன்றத்தின் கதவோ திறக்கவில்லை.

அக்கதவைத் தட்டியவர் சார்லசு பிராட்லா. 1833-இல் இலண்டனில் எளிய குடியில் பிறந்தவர். இளமையில் கோவிற்பள்ளியில் பாடஞ்சொல்லும் அளவிற்குச் சமயப்பற்று மிக்கவராகவே இருந்தார். நான்கு நற்செய்தி நூல்களையும் திருச்சபைக் கோட்பாடுகளையும் ஒப்பிட்டுப் படித்தவர், அவை தம்முள் முரண்படக் கண்டு தம் குருவிடம் விளக்கங் கேட்டார். விளக்கம் வரவில்லை, இறைமறுப்பாளன் என்ற பட்டமே வந்தது. ஐயுற்றுக் கேட்டவனை அப்பட்டமே இறைமறுப்பாளனாக ஆக்கிற்று என்றாலும் தவறாகாது. 1866-இல் அவர் நாட்டு உலகியற் கழகத்தை நிறுவினார்.

காலணித் தொழிலாளர் மிகுந்த நார்தாம்டன் நகரம் 1880-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. வாக்களித்தோருட் பெரும்பாலார் கிறித்தவரே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கடவுள்மேல் ஆணை என்பதற்கு மாற்றாக உறுதிமொழி கூற அவர் இசைவு கேட்டார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர்க்கு அவ்வுரிமை முன்னரே இருந்தது. பிராட்லாவுக்கு அது மறுக்கப்பட்டது. அப்படியாயின் ஆணையே இடுவேன் என்றார், அதுவும் மறுக்கப்பட்டது. வெளியேற மறுத்ததற்காக அவ்வாண்டு சூன் 23-ஆம் நாள் நாடாளுமன்ற மணிக்கூண்டின் அறையொன்றில் அடைக்கப்பட்டார். 1881 ஆகத்து 3-ஆம் நாள் காவலர் அவரை அவை வாயிலிலிருந்து இழுத்தெறிந்தனர், மேற்சட்டை கிழிந்தது. 1881, 1882, 1884 என இடைத்தேர்தல் தோறும் நார்தாம்டன் மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் அனுப்பினர்.

எதிர்ப்பில் முன்னின்றாருள் கத்தோலிக்கத் தலைவர் கர்தினால் மேன்னிங்கும் ஒருவர். 1829 வரை கத்தோலிக்கரையும், 1858 வரை யூதரையும் வெளியே நிறுத்தியதும் இதே ஆணைதான். தம்மை வெளியே தள்ளிய கதவைத் தமக்குப்பின் வந்தவன் முகத்தில் சாத்தத் துணைநின்ற விந்தை இது. மறுபக்கம், ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளரான தலைமை அமைச்சர் கிளாட்சுடன் உறுதிமொழிச் சட்டவரைவுக்காக 1883-இல் நெடிது வாதாடினார். ஏதேனும் ஒரு கடவுளை ஏற்பவன் எவனாயினும் நுழையலாம் என்றான பின்பு, அவ்வேலி கிறித்தவத்தைக் காக்கும் வேலியாகாது என்பது அவர் வாதம். வரைவு மூன்றே வாக்குகளால் தோற்றது: எதிர்த்தோர் 292, ஏற்றோர் 289. சமயப்பற்று வேறு, சமய ஆட்சி வேறு என்பதைக் கிளாட்சுடன் அறிந்திருந்தார். அவையிற் பாதியர் அறிந்திலர்.

பிராட்லாவின்பாலும் ஒரு குறை சொல்லலாம். பொருளற்றவை எனத் தாமே எழுதிய சொற்களைச் சொல்லி ஆணையிட அவர் முன்வந்திருக்க வேண்டுவதில்லை. 1882-இல் தம் பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தாமே ஆணையிட்டுக் கையெழுத்தும் இட்டார். அதனைப் பகைவர் நன்கு பயன்படுத்திக் கொண்டனர். ஆயினும் அவ்விக்கட்டை உண்டாக்கியவர் எவர்? நம்பாமலே ஆணையிட்டு இருக்கையில் அமர்ந்தோர் எத்தனையர் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. நம்பவில்லை என்று வெளிப்படச் சொன்ன ஒருவரை மட்டுமே அவை பிடித்துக்கொண்டது.

1886-இல் புதிய அவைத்தலைவர் எவர் தடையையும் கேளாது அவரை ஆணையேற்க விட்டார். உள்ளே சென்றவர், இனி எவரும் தம்மைப்போல் நிற்க வேண்டாதபடி, 1888-இல் உறுதிமொழிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார்.

அவர் கழகத்தின் தாக்கம் சென்னையிலும் இருந்தது. 1882 முதல் 1888 வரை இங்கு நடந்த ‘தத்துவ விவேசினி’ அவ்வழியில் எழுந்த இதழே. (பெயர்தான் வடசொல், உள்ளீடு தமிழர்க்கு வேண்டியதே.) இந்திய அரசியற் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கடவுள்மேல் ஆணை, உளமார்ந்த உறுதி என்னும் இரண்டையும் ஒருசேர வைத்துள்ளது. 1967-இல் அறிஞர் அண்ணா பதவியேற்றது இரண்டாவதைச் சொல்லியே.

பிராட்லாவைத் தடுத்த 1880-ஆம் ஆண்டு முடிவைத் தன் ஏட்டிலிருந்து நீக்குவதென்று 1891 சனவரி 27-ஆம் நாள் அவை முடிவு செய்தது. நோயுற்று உணர்விழந்து கிடந்த அவரிடம் அதைச் சொல்ல இயலவில்லை. மூன்று நாள் கழித்து, 30-ஆம் நாள், அவர் மறைந்தார். அடக்கத்திற்கு வந்தோருள், இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த இறைநம்பிக்கையாளரான காந்தியும் ஒருவர்.