மாமா வாங்கித் தந்த வாக்கர்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை விடவே இல்லை. எழுதியவர் திருச்சிப் பக்கத்து இளம் தாய். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். குழந்தைக்கு எட்டு மாதம். தாய்மாமன் ஆசையாக ஒரு வாக்கர் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாளே முன்சக்கரம் கழன்று, பிள்ளை குப்புற விழுந்து, உதட்டில் தையல் போட வேண்டியதாயிற்று. “தம்பிகிட்ட பில்லு கேட்டா மனசு சங்கடப்படுவான். இந்த வீட்டுல தெரிஞ்சா ‘உன் பொறந்த வீட்டு சீரு லட்சணம் இதுதானா’ன்னு ஒரு பேச்சு வரும். அதனால வாக்கரைப் பரண்ல போட்டுட்டேன். காசு கொடுத்து வாங்குனது நான் இல்லையே, எனக்குக் கேக்க உரிமை உண்டாம்மா?” என்று முடித்திருந்தார்.

உண்டு. சந்தேகமே வேண்டாம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பணம் கொடுத்தவரை மட்டும் நுகர்வோர் என்று சொல்லவில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். தம்பி வாங்கிக் கொடுத்த வாக்கருக்காக அக்கா புகார் செய்யலாம். வளைகாப்புக்கு வந்த தொட்டில், பெயர் சூட்டும் நாளில் வந்த தள்ளுவண்டி, ஆபீஸ் தோழிகள் சேர்ந்து அனுப்பிய பால்புட்டி ஸ்டெரிலைசர் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நம் வீடுகளில் குழந்தைப் பொருட்களில் பெரும்பாலானவை பரிசாக வருகின்றன. பரிசில் குறை சொல்வது கொடுத்தவரைக் குறை சொல்வதாகிவிடும் என்ற கூச்சம் நமக்கு உண்டு. ஆனால் சக்கரம் கழன்றது மாமனின் அன்பில் இருந்த குறை அல்ல, தயாரித்தவரின் வேலையில் இருந்த குறை. தம்பியிடம் சொன்னால் அவர்தான் முதல் ஆளாகக் கடைக்குப் போய் நிற்பார். சொல்லுங்கள். பரிசு கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது நம் பழக்கம், நல்ல பழக்கம். பில்லை மட்டும் போனில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

பில் என்றதும் கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி நினைவுக்கு வருகிறது. “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், வேணுமா?” வேண்டும் என்று சொல்லுங்கள். பில் தராமல் இருப்பதே இந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறார்களே, பழுதான பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்றே சொல்கிறது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அது கடைக்காரரின் விருப்பம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

பொருளின் விலை ஒரு கணக்கு. பிள்ளைக்குப் பட்ட காயம் இன்னொரு கணக்கு. பழுதான பொருளால் உடலுக்குக் கேடு வந்தால் இழப்பீடு கேட்க 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. எப்படிப் பயன்படுத்த வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்ற விவரத்தைச் சரியாகத் தராமல் விற்று, அதனால் கேடு வந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. சரி, பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே இல்லை, எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு என்றால்? தயாரித்தவர் யார் என்று தெரியாதபோதும், அவர் நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படாதவராக இருக்கும்போதும் விற்றவரே பதில் சொல்ல வேண்டும். “நாங்க வாங்கி விக்கிறோம், அவ்வளவுதான்” என்று கடைக்காரர் கைகழுவிவிட முடியாது.

இதற்கெல்லாம் அந்தப் பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கழன்ற சக்கரத்தை நம் வீட்டு ஆண்கள் உடனே கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் மாற்றியமைத்ததால்தான் கேடு வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்ல அது இடம் கொடுத்துவிடும். உடைந்தது உடைந்தபடியே இருக்கட்டும். படம், வீடியோ எடுங்கள். பெட்டி, லேபிள், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கடைக்காரர் பொருளை வாங்கிக்கொண்டால் கையெழுத்துள்ள ரசீது கேளுங்கள். நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கே அனுப்பிச் சோதிக்கும். அப்போது பேசப்போவது அந்தப் பொருள்தான்.

முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, நிறுவனத்திடம் உங்கள் சார்பில் கேட்கும் இடம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருள் எந்த ஊரில் வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவை என்றால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுப்பதுண்டு, மறைக்கவில்லை. அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? மெக்லாரன் என்ற புகழ்பெற்ற தள்ளுவண்டி நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளைக் குறித்து 2009 நவம்பரில் அறிவிப்பு வெளியிட்டு, மடிப்புக் கீலுக்கு உறை கொடுக்க வேண்டி வந்தது. வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கி விரல்நுனி துண்டானதாகப் பன்னிரண்டு குழந்தைகளைப் பற்றிப் புகார்கள் சேர்ந்திருந்தன. அந்த வண்டிகள் 1999இலிருந்து விற்பனையில் இருந்தவை. ‘நாம்தான் கவனிக்காமல் மடக்கிவிட்டோம்’ என்று ஒவ்வொரு தாயும் தன்னையே நொந்துகொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தக் கீலுக்கு உறை வந்திருக்காது. வாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் உருண்டு விழுந்த குழந்தைகளின் கணக்கைப் பார்த்துத்தான் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. இங்கே இன்னும் தாராளமாக விற்கிறார்கள். பிள்ளை பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி போதும் என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பலரைப் பாதிக்கும் குறை என்றால் அந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்கிறது சட்டம். திங்கட்கிழமை மனு நாளில் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு கொடுக்கிறோமே, அதே கையால் இதையும் கொடுக்கலாம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பொம்மை கடையில் தொங்கினால் அதையும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பழுதான குழந்தைப் பொருளை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், “சின்ன ரிப்பேர்தான், சரி பண்ணி வெச்சுக்கோ” என்று கொடுத்துவிடுகிறோம். வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நம் பிள்ளைக்கு ஆகாதது அந்தப் பிள்ளைக்கும் ஆகாது. புகார் முடிந்ததும் யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி உடைத்துப் போடுங்கள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆணையத்துக்கு அலைய நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். புகார் கொடுக்கச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. பிள்ளை கொஞ்சம் வளரட்டும், உடம்பு தேறட்டும், நிதானமாகக் கொடுங்கள். ஆனால் படம் எடுப்பதையும் பில்லைக் கேட்டு வாங்குவதையும் கடைக்கு நாலு வரி எழுதி அனுப்புவதையும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்