அஞ்சு லட்சம்னு சொன்னவங்க யாராவது வாங்குங்களேன்

போன வருஷம் தீபம் முடிஞ்ச மறுவாரம் என் நண்பன் செத்துப்போனான். அவனோட கான்டெஸா இன்னும் அவங்க வீட்டு வேப்பமரத்தடியிலயே நிக்குது. நாலு டயரும் காத்து இறங்கி தரையோட ஒட்டிடுச்சு. காரணம் புரோக்கர் இல்ல, ஆர்டிஓ ஆபீஸ் இல்ல. நாமதான், அவன் கூட்டாளிங்க.

துக்கம் கேக்கப் போன அத்தனை பேரும் அம்மாகிட்ட என்ன சொன்னோம்? "அஞ்சு லட்சத்துக்குக் கம்மியா குடுக்காதீங்கம்மா, அவன் உசிரைக் கொட்டி செஞ்ச வண்டி." நானும்தான் சொன்னேன். சொல்லிட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டோம். அம்மா நம்பிட்டாங்க. வேலூர்ல இருந்து வந்து ஒண்ணரை லட்சத்துக்குக் கேட்டவரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அஞ்சு லட்சம் சொன்ன எவனும் அஞ்சாயிரம் எடுத்துட்டு வரல.

பி.காம் படிக்கிற நமக்கு இது தெரியாதா? இறுதிச் சரக்கிருப்பை எப்படி மதிப்பிடறதுனு பிளஸ் டூவுலயே மனப்பாடம் பண்ணோமே: அடக்க விலை, சந்தை விலை, இதுல எது குறைவோ அது. அவன் ஃபைல்ல இருக்கிற பில்லெல்லாம் கூட்டினா நாலு லட்சத்து இருபதாயிரம். அது அவன் சந்தோஷத்துக்குக் குடுத்த விலை. வாங்கறவன் அதை ஏன் குடுக்கணும்?

சொன்னா அடிக்க வருவீங்க, அந்தச் செலவுல பாதி வண்டியோட விலையைக் குறைச்சிருக்கு. கான்டெஸா 1984ல வந்து 2002ல நின்னுபோன வண்டி. உடம்பு இங்கிலாந்து வாக்ஸால் காரோடது. மொதல்ல அம்பாசடர் எஞ்சினைப் போட்டு மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு, 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் பேர் வாங்குச்சு. பழைய கார் பிரியர்கள் தேடறது அந்த எஞ்சினைத்தான். நம்மாளு மைலேஜுக்காக அதைக் கழட்டிட்டு வேற ஒரு டீசல் எஞ்சினை உக்கார வெச்சான். ஆர்சியில இன்னும் பெட்ரோல்தான். கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுனு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அடுத்த தடவை ஆர்சி புதுப்பிக்கப் போனா இந்த எஞ்சினோட நிக்க முடியாது.

"விண்டேஜ் வண்டி மச்சி, விலை ஏறும்"னு ஒருத்தன். 2021ல வந்த விதிப்படி விண்டேஜ்னா 50 வயசு தாண்டணும், எஞ்சினும் பாடியும் பெருசா மாத்தாம இருக்கணும். முதல் கான்டெஸாவுக்கே 2034லதான் 50.

இதுக்காக புரோக்கர் பக்கம் நியாயம்னு சொல்லல. அவர் நாப்பதாயிரம் தரேன், 29, 30 ரெண்டு பாரத்துலயும் வெறும் கையெழுத்து மட்டும் போடுங்கம்மான்னாராம். வண்டி இன்னும் செத்தவன் பேர்ல இருக்கு, இவங்க கையெழுத்துக்கு என்ன மதிப்பு? மொதல்ல வாரிசுச் சான்றிதழ் வாங்கி, 31ம் பாரம் குடுத்து அம்மா பேருக்கு மாத்தணும். அதுக்கு மூணு மாசம்தான் கெடு, அதுவும் தாண்டியாச்சு, அபராதம் இருக்கும். (2021லிருந்து ஆர்சியிலேயே நாமினி பேர் போடலாம். நம்ம வயசுல எவன் போடறான்?) அம்மா பேருக்கு வந்த பிறகும் வெத்துப் பாரத்துல கையெழுத்து போட்டுக் குடுத்தா, அந்த ஆள் வண்டியை எங்க கொண்டுபோய் மோதினாலும் நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அம்மாவுக்குத்தான் வரும். ஆர்சியில யார் பேரோ அவங்கதான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். அஞ்சு லட்சம் போகாதும்மா, நாங்க சும்மா சொன்னோம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப அவன் செஞ்சதெல்லாம் வீணா?"ன்னாங்க. பதில் வரல எனக்கு. எழுந்து அவன் பட்டறைக்குப் போனேன். மூலையில கோணிச் சாக்கு மூடி அந்த இசுஸு எஞ்சின் இருக்கு. நம்பரை ஆர்சியோட ஒத்துப் பார்த்தேன், அதேதான். பரண் மேல பழைய ஸ்டீயரிங், குரோம் கிரில், நாலு வீல், எல்லாத்தையும் துணி சுத்தி வெச்சிருக்கான்.

பழைய எஞ்சினை ஏத்தணும், அலாய் வீலையும் மியூசிக் சிஸ்டத்தையும் தனியா விக்கணும். வேலூர்க்காரர் நம்பர் கிடைச்சிருக்கு. அஞ்சு லட்சம் சொன்னவங்க சனிக்கிழமை காலையில பட்டறைக்கு வாங்க. செயின் பிளாக் இருக்கு, எஞ்சினைத் தூக்க ஆள்தான் வேணும்.